ஊர் திரும்பிய ஹெசல்கார்த்துகள்

எங்கள் ஊரில் தபால்காரர்தான் பாவப்பட்ட ஜென்மம். ஸ்கார்டேல் பள்ளத்தாக்கில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஹெசல்கார்த் என்று ஒருவர்தான் வந்து திறப்பார். அதனால் நாங்கள் ஒருவரை ஒருவர் அந்தக் குடும்பப் பெயரால் அழைப்பதே இல்லை. பாலத்துக்குப் பக்கத்தில் ஆடு வளர்க்கும் டிக், 'பாலத்து டிக்'. ரொட்டிக்கடை எனிட், 'ரொட்டி எனிட்'. வீடு வீடாகப் போய்ப் புகைபோக்கி சுத்தம் செய்யும் நான், 'கரி ஆம்ப்ரோஸ்'. புதிதாக வேலைக்கு வந்த தபால்காரர் முதல் வாரமே எனிட்டின் கடைக்கு வந்து புலம்பினார்.

"ஏம்மா, உங்க ஊர்ல வேற பேரே கெடைக்காதா?"

"இது ஒண்ணே நல்லா ஒழைக்குதுப்பா, இன்னொண்ணு எதுக்கு?" என்றாள் எனிட்.

உங்களுக்கும் சிரிப்பு வருகிறது, இன்ஸ்பெக்டரம்மா. வரட்டும். பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஆட்டுப் பண்ணையில் பிறந்தவர் நீங்கள். லண்டன்காரர் யாரிடமாவது இதைச் சொல்வதைவிட உங்களிடம் சொல்வது எனக்குச் சுலபம். ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை. நீங்கள் வரிசையாகக் கேட்க வேண்டாம், நானே ஆதியிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

ஹெசல்கார்த் என்பது முதலில் ஆளின் பெயரே இல்லை, ஒரு பண்ணையின் பெயர். மேலே ஓடை திரும்பும் இடத்தில் இருந்தது. கடல் தாண்டி வந்த எவனோ ஒருவன் ஹேசல் மரங்களைச் சுற்றிக் கல்வேலி போட்டு உட்கார்ந்துவிட்டான். அவன் பிள்ளைகளைப் பண்ணையின் பெயரால் கூப்பிட்டார்கள். பண்ணை இடிந்து எத்தனையோ தலைமுறை ஆயிற்று. இப்போது அங்கே நாலு கல்லும் முள்ளும்தான் கிடக்கின்றன. பெயர் மட்டும் ஓடையோடு கீழே இறங்கி, பள்ளத்தாக்கு நெடுக வீடு பிடித்து, பாலம் வந்ததும் நின்றுவிட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஹெசல்கார்த் கிடையாது. ஸ்மித்தும் ஜோன்ஸும் நாடு முழுக்கக் களையாக மண்டிக் கிடக்கிறார்கள். எங்கள் பெயர் அப்படிப்பட்டதல்ல, அதற்குத் தன் இடம் தெரியும்.

எங்கள் மலை ஆடுகள் மாதிரி. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மலையில் வேலி ஏது? தாய் மேய்ந்த சரிவில்தான் குட்டி மேயும், அதன் குட்டியும் அங்கேதான் மேயும். எப்போதாவது ஒன்று எல்லை தாண்டிப் போய்விட்டால் நவம்பரில் ஆட்டுக்காரர்கள் எல்லாரும் கூடும் நாளில் அதைக் கொண்டுவந்து உரியவரிடம் கொடுத்துவிடுவோம். பீர், பாட்டு, அடிதடி எல்லாம் உண்டு. ஆனால் அடுத்தவர் ஆட்டை வைத்துக்கொண்டு கமுக்கமாக இருப்பவனை யாரும் மனிதனாக மதிக்க மாட்டார்கள். நான் அந்த ஒழுங்கில் வளர்ந்தவன்.

குடும்பச் சங்கம் எனிட்டின் யோசனை. அவள் தலைவி, நான் செயலாளர். வருஷத்துக்கு ஒரு தடவை சர்ச் கூடத்தில் கூடுவோம். அந்தக் கூடத்துச் சுவரில் நான்தான் பிரிட்டன் வரைபடம் ஒன்றை மாட்டினேன். ஒரு ஹெசல்கார்த்துக்கு ஒரு குண்டூசி. குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து, ஒவ்வோர் ஊரின் டெலிபோன் புத்தகத்தையும் வரவழைத்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க மனசு குளிர்ந்தது. குண்டூசிகள் எல்லாம் ஒரே இடத்தில், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு. இந்த நாட்டில் வேறெந்தப் பெயருக்கு அப்படி ஓர் அழகு உண்டு?

பிறகு தூரத்து ஊர்ப் புத்தகங்களில் மூன்று பேர் அகப்பட்டார்கள். வேல்ஸ் கடற்கரையில் ரெஜ், கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கார்ன்வாலில் ஐவி, பியானோ சொல்லிக் கொடுப்பவர், கல்யாணம் ஆகவில்லை. நார்விச் நகரத்தில் கிளெமெண்ட், மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை. மூன்று மூலைகளில் மூன்று குண்டூசிகள். சாப்பிடும்போது பல்லில் கல் கடிபட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு. கூடத்துக்குள் நுழைந்தாலே கண் நேராக அங்கேதான் போகும்.

முதலில் மரியாதையாகத்தான் அழைத்தேன். ஊர் திரும்புங்கள், வீடு பார்த்துத் தருகிறோம் என்று மூவருக்கும் எழுதினேன். பதில் சரியில்லை என்றதும் நேரிலேயே போனேன். ஹெசல்கார்த் வீட்டில் ஹெசல்கார்த் கூலி வாங்கக்கூடாது என்பது என் கொள்கை. போன கையோடு இலவசமாகப் புகைபோக்கியும் சுத்தம் செய்து கொடுத்தேன். புகைபோக்கிக்காரன் வாசலேறினால் நல்ல சகுனம் என்று நம் ஆட்கள் நம்புவது உங்களுக்குத் தெரியும். எத்தனை மணப்பெண்கள் என் கரிக் கன்னத்தில் முத்தமிட்டிருக்கிறார்கள், எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

ரெஜ் கேலிக்காரர். "அங்க வந்து நான் என்ன பண்றது? தெருவுல நின்னு ஹெசல்கார்த்துன்னு ஒரு சத்தம் குடுத்தா ஊரே திரும்பிப் பாக்கும். பைத்தியக்காரக் கூட்டம்யா அது" என்றார். நான் சிரித்தேன். அவர் வீட்டுப் புகைபோக்கியில் காக்கைக் கூடு இருந்தது. காக்கையில் சின்ன சாதி ஒன்று புகைபோக்கிக்குள்தான் சுள்ளி போட்டு அடைக்கும், அதை எடுப்பதுதான் என் பிழைப்பு. கூட்டை எடுத்தேன். அவர் அடுப்பங்கரையில் எங்கள் பெயரைச் சொல்லிச் சொல்லித் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். கூட்டைத் திருப்பி வைத்துவிட்டேன்.

அப்போது எனக்குத் திட்டம் எதுவும் கிடையாது. அதை மட்டும் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் குளிர் வந்தது. ரெஜ் கணப்பு மூட்டிவிட்டு, கதவு ஜன்னல் எல்லாம் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். புகை வெளியே போக வழியில்லாமல் தூக்கத்திலேயே முடிந்துவிட்டது. காக்கைக் கூட்டால் வந்த விபத்து என்று அங்கே எழுதிவிட்டார்கள். அவருக்கு நாதி யாரும் இல்லை. சங்கத்தின் சார்பில் நான் போய் உடலை வாங்கிவந்து, எங்கள் சர்ச் கல்லறைத் தோட்டத்தில், ஓடைச் சத்தம் கேட்கும் பக்கமாக அடக்கம் செய்தேன். ஊரே திரண்டு வந்தது. முன்பின் தெரியாத மனிதருக்காக எனிட் அழுதாள். "யாரு செய்வா இந்தக் காலத்துல? நீ தங்கம்டா ஆம்ப்ரோஸ்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று மாலை வேல்ஸில் இருந்த குண்டூசியைப் பிடுங்கி ஸ்கார்டேலில் குத்தினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்குமுன் வந்ததில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த இலையுதிர் காலத்தில் ஐவியிடம் போனேன். அருமையான பெண்மணி. எனக்காகப் பியானோ வாசித்தார், கேக் வெட்டினார். "உங்க ஊர்ல கடல் இருக்கா?" என்று கேட்டார். ஓடை இருக்கிறது என்றேன். "ஓடைய வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய, கண்ணு?" என்றார். அவருக்கும் நல்ல இடமாகத்தான் பார்த்துக் கொடுத்தோம், ரெஜுக்கு இந்தப் பக்கம். கடலைப் பற்றிப் பேச ஆள் வேண்டுமல்லவா?

கிளெமெண்ட் விஷயத்தில்தான் சிரமம். நார்விச்சில் அவர் வீட்டுப் புகைபோக்கி கண்ணாடி மாதிரி சுத்தம். நான் இதை முன்பே எதிர்பார்த்து, எங்கள் ஊர்க் காக்கைக் கூடு ஒன்றைத் தொப்பிப் பெட்டியில் வைத்து எடுத்துப் போயிருந்தேன். ரயிலில் என் எதிரே இருந்த பெண்மணி, "புதுத் தொப்பியா?" என்று விசாரித்தார். சொந்தக்காரருக்குப் பரிசு என்றேன். கிளெமெண்ட் தன் ரோஜாச் செடிகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். வர மறுத்தாலும் அன்பாகத்தான் மறுத்தார். நான் கூரையில் வேலை செய்துகொண்டிருந்தபோது கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். "பாத்துங்க ஆம்ப்ரோஸ், விழுந்துகிழுந்து வெக்காதீங்க. எனக்கிருக்கிற சொந்தமே நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

அவரையும் போன வருஷம் ஊருக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

ஆம், மூன்று பேரையும் கொன்றது நான்தான். நீங்கள் அந்தச் சொல்லைத்தான் எழுத வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கப் போவதில்லை. நீங்கள் கண்டுபிடித்த விதத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். நார்விச் போலீஸார் அட்டைப்பெட்டியில் போட்டு மறந்துவிட்ட கூட்டைப் பிரித்துப் பார்த்து, சுள்ளிக்கு நடுவே காக்கை பொறுக்கி வைத்திருந்த ஆட்டு ரோமத்தை எடுத்தீர்கள். அதில் சிவப்பும் நீலமுமாகச் சாயம். "நார்விச் டவுனுக்குள்ள பாலத்து டிக்கோட ஆடு எப்பிடிங்க போச்சு?" என்று நீங்கள் கேட்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மந்தைக்கு மந்தை வேறுவேறாக நாங்கள் பூசும் அடையாளச் சாயம். நகரத்து அதிகாரிகளின் கண்ணுக்கு அது அழுக்கு. ஆட்டுக்காரர் மகள் கண்ணில் பட்டால் தப்ப முடியுமா?

இந்த வருஷக் கூட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எச்சிலை வைத்துத் தகப்பன் வழி ரத்த உறவு பார்க்கும் சோதனைக்கு எனிட் சில வருஷமாகவே ஏற்பாடு செய்துவந்தாள். ஆண்கள் எல்லாரும் குழாயில் துப்பிக் கொடுத்தோம். ரெஜும் கிளெமெண்டும் உயிரோடு இருந்தபோதே தபாலில் அனுப்பியிருந்தார்கள், அதையெல்லாம் எனிட் பத்திரமாக வைத்திருந்தாள். கூடத்தில் எல்லார் முன்னிலையிலும் முடிவைப் படித்தாள். பாலத்து டிக், ரெஜ், கிளெமெண்ட், பள்ளத்தாக்கில் உள்ள அத்தனை பேரும் ஒரே ரத்தம், ஒரே முதல்வன் வழி. கைதட்டினோம். நான்தான் பலமாகத் தட்டினேன். என் பெயர் கடைசியில் வந்தது. யாரோடும் ஒட்டவில்லையாம்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு டிக் சொன்னான்: "குழாய்ல எச்சிலுக்குப் பதிலா கரியத் துப்பிட்டான்போல."

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். "எவனோ குழாய மாத்திட்டான் ஆம்ப்ரோஸ், விடு, கேக்கச் சாப்பிடு" என்றாள் எனிட். எங்கள் கூட்டத்தில் இஞ்சி கேக்கும் பாலாடைக்கட்டியும் முதலில் ஹெசல்கார்த்தாகப் பிறந்தவர்களுக்குத்தான், அதற்கப்புறம் மாப்பிள்ளை, மருமகள், விருந்தாளி. அன்று என் தட்டு விருந்தாளிகளோடு வந்தது. எனிட்டுக்கு வயதாகிவிட்டது, வரிசை மறந்துவிடுகிறாள்.

நீங்கள் நேற்று என் தாத்தாவைப் பற்றிச் சொன்னதையும் யோசித்துப் பார்த்தேன். லிவர்பூல் பக்கம் ஓர் அநாதை இல்லத்திலிருந்து பண்ணை வேலைக்கு வந்த சிறுவன் என்றீர்கள். அவன் வேலைக்கு வந்த ஹெசல்கார்த் வீட்டில் அப்போதுதான் ஒரு பையன் செத்துப்போயிருந்ததால் செத்தவன் பெயரை இவனுக்குக் கொடுத்தார்கள் என்றீர்கள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "செத்த குட்டியோட தோல உரிச்சு அநாதைக் குட்டிக்குப் போத்தி விடுவோமில்ல ஐயா, தாயாடு பால் குடுக்கட்டும்னு? அதுமாதிரிதான்" என்றீர்கள். என் மனம் நோகக்கூடாது என்று சொன்னீர்கள், நன்றி. ஆனால் ஒன்று. தாயாடு ஒரு தடவை மோந்து பார்த்து ஏற்றுக்கொண்டுவிட்டால் அப்புறம் அது அதன் குட்டிதான். தோலைக் கழற்றிப் போட்ட பிறகும் விரட்டாது. எந்த ஆட்டுக்காரரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு இருப்பது ஒரே கவலை. என்னை எந்த ஜெயிலில் போட்டாலும் அது பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும். இத்தனை பாடுபட்டு ஒழுங்காக்கிய வரைபடத்தில் நானே ஒரு மூலையில் தனியாக நிற்பேன். அதற்காகத்தான் சங்கத்துக்குத் தகவல் சொல்லச் சொன்னேன். யாராவது வந்து, இவர் எங்கள் ஆள், செத்த பிறகாவது எங்கள் மண்ணுக்குத் தாருங்கள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும். கிளெமெண்ட் பக்கத்தில் ஓர் இடம் காலியாக விட்டிருக்கிறேன்.

எனிட் போனில் என்ன சொன்னாள் என்று நீங்கள் சொல்லத் தயங்கினீர்கள். கடைசியில் சொல்லியும் விட்டீர்கள். "எங்க மந்தையில ஒண்ணும் கொறையலையே, எல்லாம் சரியா இருக்கே" என்றாளாம்.

அதுதான் எனிட். எதையும் விளையாட்டாகத்தான் சொல்வாள். அவளோடு பழகியவர்களுக்குத்தான் அது புரியும்.

இந்நேரம் டிக்கின் வேனில் கிளம்பியிருப்பார்கள், மழையில் பாதை மோசம், அதனால்தான் தாமதம். நாற்காலியை இப்படித் திருப்பிப் போட்டுக்கொண்டதற்கு மன்னியுங்கள், இங்கிருந்து வாசல் நன்றாகத் தெரிகிறது. அந்தக் கதவை மட்டும் கொஞ்சம் திறந்து வையுங்கள், இன்ஸ்பெக்டரம்மா. எங்கள் ஆட்களுக்குத் தட்டிப் பழக்கமில்லை.