ஒரு பை மூச்சு

— பதினைஞ்சு செக்கன் மூச்சப் பிடிக்கிறதுக்கா? மர்ஷூதா, இதக் கேக்கவா இங்கிலாந்துல இருந்து போன் கோல் எடுத்த? இந்த ஆலங்குடாவில உன்ட கூடப்பொறந்த நானா இனாஸ் கடலட்டைக்கு முங்கினா ரெண்டரை நிமிசம்! அதும் சிலிண்டர் இல்லாம!

— அதாலதான் நானா உங்களக் கேக்கிறன். உம்மா பக்கத்துல இருக்காவா?

— இல்ல, குசினிக்குள்ள சோறாக்கிறா. ஏன்?

— சும்மாதான். எங்கட ஸ்கேன் ரூம்ல வேலை செய்யிற ஒரு மனுசி. ரெண்டு தரம் மூச்சப் பிடிக்கச் சொல்லியும் ஏழு செக்கன்லயே இருமி விட்டுட்டா.

— திரும்பச் செய்யிறதுதானே?

— லேசில்ல நானா. செனன் எண்டு ஒரு வாயு. லேசர் அடிச்சு, அதக் காந்தமாக்கி, ஒரு லீட்டர் பையில தருவாங்க. அத இழுத்து நெஞ்சுக்குள்ள வெச்சிருக்கிற நேரத்துலதான் எம்.ஆர்.ஐ. மெஷின் படம் எடுக்கும். காத்துப் போற இடம் வெளிச்சம், போகாத இடம் இருட்டு. இடையில விட்டா அந்தப் பை வீண். நாளைக்குக் கடைசிப் பை.

— எக்ஸ்ரே எடுத்தாப் போதாதா?

— எக்ஸ்ரே, சீ.டி. ஸ்கேன் எல்லாம் எடுத்தாச்சு, குறை ஒண்டும் தெரியல்ல. ஆனா கொரோனா வந்து போன நாள்ல இருந்து அவக்கு மாடிப்படி ஏற ஏலாது. டொக்டர்மார் மனப்பயம் எண்டுறாங்க.

— எல்லாப் படமும் நல்லமெண்டா மனுசி நடிக்கிறா புள்ள. வேலை செய்யப் பஞ்சி, சோம்பல்!

— எல்லாரும் அதத்தான் சொல்றாங்க நானா. இந்தப் படம் மட்டும்தான் அவக்குச் சாட்சி.

— சரி சரி, கோவிக்காத. நான் சொல்றன், நீ செஞ்சு பாத்து அவக்குச் சொல்லிக் குடு. தோளைத் தொங்கவிடு. இருக்கிற காத்த மெதுவா விடு. இப்ப இழு. பிடி! ஒண்டு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு...

— ஹக்... ஹக்... ஏலாது நானா!

— எட்டுலயேவா! சின்னதுல களப்புத் தண்ணில முங்கி என்னையே தோக்கடிச்சவள் நீதானே?

— இங்க குளிர். நீங்க எண்ண எண்ணப் பயமா வேற இருக்கு.

— அப்ப பிழை என்னிலதான். தண்ணிக்குள்ள நாங்க எண்ணுறதே இல்ல. எண்ணினா, மூச்சு இன்னம் எவ்வளவு மிச்சமெண்டுதான் மனசு பாக்கும். ஓதணும். மனசுக்குள்ள, நிறுத்தி நிதானமா, ரெண்டு தரம் குல்ஹுவல்லாஹு சூறா. நெஞ்சு உதைச்சா எச்சில முழுங்கு, ஓதுறத மட்டும் விடாத. நான் மணிக்கூட்டப் பாக்கிறன். நானும் உன்னோட சேந்து ஓதுறன். இழு. பிடி!

— ...

— ...

— நானா! முடிச்சிட்டன்! ரெண்டும் முடிச்சிட்டன்!

— பதினேழு! அல்ஹம்துலில்லாஹ்! சொன்னன்தானே! நாளைக்குப் படம் விழும், எழுதி வெச்சுக்க.

— விழும் நானா. இருட்டா இருக்கிற இடமெல்லாம் நாளைக்கு எல்லாருக்கும் தெரியும்.

— ஆனா மர்ஷூதா, அந்த வெள்ளைக்காரி என்னத்த ஓதுவா?

— அவக்கு ஓதத் தெரியும் நானா. இப்ப உங்களோடதான் ஓதி முடிச்சா.