நெற்றிக் காயம் சுத்தியலால் ஆனதல்ல

என் பெயர் சுகுணா, வயது 36, கணவர் பெயர் வடிவேல். உதகை காந்தலில், குதிரை கட்டும் கொட்டகையை ஒட்டிய தகர வீட்டில் குடியிருக்கிறேன். சிட்டு என்ற பெண் குதிரையை வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் சுற்றுலா வருபவர்களுக்குச் சவாரி விட்டுப் பிழைத்து வருகிறேன். என் கணவர் குதிரைகளுக்கு லாடம் அடிக்கும் தொழில் செய்கிறார். ராசு என்பவர் தன்னைச் சுத்தியலால் நெற்றியில் அடித்துவிட்டதாக என் கணவர் கொடுத்துள்ள புகார் சம்பந்தமாக, அந்த நேரத்தில் உடனிருந்தவள் என்ற முறையில் உதவி ஆய்வாளர் ஸ்ரீமதி அவர்கள் என்னை விசாரிக்க, நான் கண்டதையும் கேட்டதையும் சொல்கிறேன்.

ராசு பெங்களூரில் பந்தயக் குதிரைகள் கட்டும் லாயத்தில் வேலை பார்த்துவிட்டு, போன வருடம் உதகைக்கு வந்தவர். அவரும் லாடம் அடிப்பவர். அவர் வரும்வரை ஏரிக்கரைக் குதிரைகள் அத்தனைக்கும் என் கணவர்தான் லாடம் அடித்து வந்தார். வந்த பிறகு சிலர் ராசுவைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். என் கணவர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் ராசு லாடம் அடித்த குதிரை எது எதிரே வந்தாலும் நிறுத்தி, காலைத் தூக்கிப் பார்ப்பார். குறை ஒன்றும் அகப்படாத நாளில் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். ராசுவிடம் வாய் குறுகலான ஆணிக்குறடு ஒன்று உண்டு. என் கணவர் அதைப் "பல்லுப் புடுங்கற குறடு" என்று சொல்லி டீக்கடையில் எல்லோரையும் சிரிக்க வைப்பார். ஒரு நாள் ராசு எங்கள் கொட்டகைப் பக்கம் வந்தபோது நான் அவருக்கு டீ கொடுத்தேன். சாயங்காலம் என் கணவர், "எந்த டம்ளர்ல குடுத்த?" என்று கேட்டார். காட்டினேன். அந்த டம்ளரை அதன் பிறகு நான் பார்க்கவில்லை.

போன வாரம் என் கணவர் சிட்டுவுக்கு நான்கு கால்களுக்கும் புதிதாக லாடம் அடித்தார். அதன் பிறகு சிட்டு வலது பின்னங்காலைத் தரையில் முழுதாக ஊன்றவில்லை. நான் அவரிடம் சொன்னதற்கு, கல் குத்தியிருக்கும், தானாகச் சரியாகிவிடும் என்றார். மறுநாள் சிட்டு தீவனத்தையும் தொடவில்லை. குளம்பு தொட்டால் சுட்டது. ராசுவைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்று கேட்டேன். அவர் என் கைப்பேசியை வாங்கி, யார் யாருக்குப் பேசியிருக்கிறேன் என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

சம்பவத்தன்று காலையில் என் கணவர் கேத்திக்கு வேலைக்குப் போய்விட்டார். அவர் போன பிறகு சிட்டு படுத்துவிட்டது. குதிரை பகலில் படுத்து எழுந்திருக்காமல் இருந்தால் நல்லதல்ல என்பது எங்களுக்குத் தெரியும். நான் பக்கத்துக் கொட்டகை மயில்சாமி அண்ணனைக் கூப்பிட்டு அதை எழுப்பி நிறுத்திவிட்டு, அவர் கைப்பேசியிலிருந்து ராசுவுக்குப் பேசினேன். ராசு கருவிப் பெட்டியோடு வந்தார். மயில்சாமி அண்ணனுக்குச் சவாரி இருந்ததால் அவர் ஏரிக்குப் போய்விட்டார். கயிற்றை நான் பிடித்துக்கொண்டேன்.

ராசு காலைத் தூக்கித் தொடையில் வைத்துப் பார்த்துவிட்டு, "பெரிய கொறடு வேண்டாமுங்க" என்றார். ஏன் என்று கேட்டேன். நோவில்லாத காலாக இருந்தால் பெரிய குறட்டால் லாடத்தோடு சேர்த்து ஆணிகளை நெம்பி எடுத்துவிடலாம், நோவு இருக்கும் காலில் அப்படி நெம்பினால் குளம்பு முழுவதும் அதிரும், அதனால் ஒவ்வொரு ஆணியாகத்தான் எடுக்க வேண்டும் என்று சொன்னார். புது லாடம் என்பதால் ஆணித்தலைகள் லாடத்தின் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தன. குறுகிய வாய்க் குறடுதான் அந்தப் பள்ளத்துக்குள் போகும். குளம்பின் வெளியே எட்டிப்பார்க்கும் ஆணி நுனியை மடித்து விட்டிருப்பார்கள், அந்த மடிப்பை முதலில் அரத்தால் ராவி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆணி வரும்போது குளம்பைக் கிழித்துக்கொண்டு வரும். சிட்டு மூன்று காலில் வெகுநேரம் நிற்காது என்பதால் உள்பக்கத்து மடிப்புகளை மட்டும் ராவிவிட்டு, அந்தப் பக்கத்து ஆணிகளை ஒவ்வொன்றாக, திருகாமல் நேராக இழுத்தார். இழுக்கும்போதெல்லாம் குதிரையிடம் மெதுவாக ஏதோ பேசிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஆணியையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். குதிகாலை ஒட்டிய ஆணி மட்டும் ஈரமாகவும் கறுத்தும் வந்தது. அதை என்னிடம் நீட்டினார். சீழ் நாற்றம் அடித்தது. "சதையில எறங்கியிருக்குதுங்க. யாருக்கு வேணா நடக்குமுங்க, அண்ணனை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார். சிட்டு தலையைத் தாழ்த்தி என் தோளில் வைத்தது. அதன் பிறகு அது இளைப்பாறட்டும் என்று காலைக் கீழே விட்டார்.

அப்போது என் கணவர் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று எனக்குத் தெரியாது. அவர் குதிரையையும் பார்க்கவில்லை, ராசுவையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அதன் பிறகு ராசுவின் கையிலிருந்த ஆணியைப் பார்த்து, "நான் அடிச்ச ஆணியத் தொட நீ யாரு?" என்றார். ராசு குறட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு, சுவர் ஓரம் போய் நின்றார். சுத்தியல் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது, அவர் அதை எடுக்கவே இல்லை.

என் கணவர் தன் பெரிய குறட்டை எடுத்துக்கொண்டு வந்து சிட்டுவின் காலைத் தூக்கினார். வெளிப்பக்கத்து மடிப்புகள் ராவப்படாமல் இருந்தன. ராசு, "அண்ணா, அந்தப் பக்கம் மடிப்பு எடுக்கலீங்க, திருகாதீங்க" என்றார். அதைக் கேட்டதும் என் கணவர் குறட்டை லாடத்துக்கு அடியில் கொடுத்து வேகமாகத் திருகினார். குளம்பின் ஓரம் பிளந்து, ஒன்றைத் தவிர மற்ற ஆணிகளும் பிய்ந்து வந்தன. சிட்டு காலை உதறிப் பின்னால் உதைத்தது. ஒற்றை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த லாடத்தின் முனை என் கணவரின் நெற்றியில் புருவத்துக்கு மேலே வெட்டியது. அவர் மல்லாந்து விழுந்தார். இதை நான் ஒரு கை தூரத்தில் நின்று பார்த்தேன். ராசு ஓடி வந்து அவரை இழுத்துப் போட்டு, தன் துண்டால் நெற்றியைக் கட்டி, ஆட்டோவில் ஏற்றினார். அரசு மருத்துவமனை போகும்வரை என் கணவரின் தலை ராசுவின் மடியில் இருந்தது.

அங்கே, எப்படி அடிபட்டது என்று மருத்துவர் கேட்டதற்கு, என் கணவர் ராசுவைக் கையால் காட்டி, "இவன் சுத்தியல்ல அடிச்சான்" என்றார். அதன் பிறகு போலீசார் வந்து ராசுவை அழைத்துப் போனார்கள். கொட்டகைக்கும் வந்து அவருடைய கருவிப் பெட்டியை எடுத்துப் போனார்கள்.

நான் சாயங்காலம் கொட்டகைக்குத் திரும்பியபோது சிட்டு அந்தத் தொங்கும் லாடத்தோடு காலைத் தூக்கியபடியே நின்றது. என் கணவரின் அரம் இருந்தது. சின்னக் குறடு ஏதாவது இருக்குமா என்று தேடியதில், தீவன மூட்டைகளுக்குப் பின்னால் பாலிதீன் உறைக்குள் சுற்றி வைத்திருந்த குறடு ஒன்று கிடைத்தது. ராசுவிடம் இருப்பது போலவே வாய் குறுகலானது. கடைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. என் கணவர் அதை எப்போது வாங்கினார் என்று தெரியவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு மயில்சாமி அண்ணன் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, நானே மடிப்பை ராவி, கடைசி ஆணியை நேராக இழுத்து எடுத்தேன். மறுநாள் கால்நடை மருத்துவர் வந்து சீழை வடித்துக் கட்டுப் போட்டார். ஆணி இறங்கிய துளையை அவரும் பார்த்திருக்கிறார்.

நேற்று என் கணவரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். அவருடைய அக்கா வேலாயி அங்கே இருந்தார். புருசனுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறவள் அந்த வீட்டில் எப்படிக் குடியிருப்பாள் என்று கேட்டார். என் கணவர் அவரை வெளியே போகச் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, "குதிரை ஒதச்சுதுன்னு தெரிஞ்சா என் கைக்கு எவன் காலைத் தூக்கிக் குடுப்பான்?" என்றார். பிறகு, "நீ அவனுக்காகப் பேசினா மத்ததும் நெசம்னு ஆயிரும், யோசிச்சுக்க" என்றார். மத்தது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ராசுவுக்கும் எனக்கும் வேறு பழக்கம் உண்டா என்று இங்கே கேட்டதற்கு, இல்லை என்று சொல்கிறேன். அவர் குதிரையிடம் பேசும்போது நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேனா என்று கேட்டால், பார்த்துக்கொண்டிருந்தேன். அதை என் கணவர் கண்டார். கண்டதற்காக ராசு அவரை அடித்தார் என்று ஆகாது. என் கணவரை உதைத்தது என் குதிரை. நோவு தாங்காமல் உதைத்தது, அதன் மேல் குற்றமில்லை.

இதை என் கணவருக்கும் வேலாயிக்கும் படித்துக் காட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இங்கிருந்து நான் காந்தல் வீட்டுக்குத்தான் போகிறேன். சிட்டுவுக்குக் கட்டு மாற்ற வேண்டும், தீவனம் போட வேண்டும். யாருக்காவது என்னிடம் கேட்க வேண்டியது இருந்தால் அங்கே வந்து கேட்கட்டும்.

யார் தூண்டுதலும் இல்லாமல் நான் சொல்லச் சொல்ல எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, நடந்தது இதுவே.

(ஒப்பம்) வ. சுகுணா