வெங்கல மணி... ரெண்டு தரம்!

லோகு: ...அவருதான்கா. வெள்ள சட்ட. பூதக்கண்ணாடிய வச்சி மணிய மோந்து பாத்துக்கினு கீறாரு பாரு.

ஏஞ்சலின்: மோந்து பாத்தா இன்னா தெரியும்?

லோகு: மெட்ராஸ்ல பழம்பொருள் கட வச்சிகீறாரு. நம்மள மாரி கிலோ கணக்குல பாக்கமாட்டாரு. அதுல ஏதோ வெள்ளக்காரன் கப்பல் பேரு கீதாம். நாலு மடங்கு வெலைக்கி பெரிய ஓட்டல்காரனுக்கு தள்ளி உட்ருவாரு.

ஏஞ்சலின்: வேற மணிய வாங்கி தள்ளி உடட்டும். இது எனக்கு வேணும்.

லோகு: யக்கா... மெதுவா! இது ஏலம். வேணும்னு மூஞ்சில எழுதிக்கினு ஒக்காரக்கூடாது. கொட்டாவி உடு.

ஏஞ்சலின்: கொட்டாவியா?

லோகு: ஆங். கும்முடிப்பூண்டில எந்தக் கம்பெனி மூடினாலும் ஏலத்துக்கு மொத ஆளா வந்து நிக்கிறவன் நானு. சொல்றத கேளு. வேணும்னு கீறவன் கொட்டாவி உடுவான். வேணாம்னு கீறவன்தான் உத்து உத்து பாப்பான்.

ஏஞ்சலின்: அப்ப வெள்ள சட்டக்காரரு வேணாம்னுதான் மோந்து பாக்குறாரா?

லோகு: அது... அவரு பெரிய ஆளு. இன்னா வேணா பண்ணுவாரு.

ஏலக்காரர்: லாட் நம்பர் இருபத்தொம்போது! இரும்பு பீரோ எட்டு! பாத்துக்குங்க...

ஏஞ்சலின்: இன்னும் ரெண்டுதான் கீது. லோகு, கைய தூக்க மறந்துடாத. எனக்கு டோக்கன் தரமாட்டேன்னுட்டாங்க. யாவாரிக்குத்தானாம்.

லோகு: தூக்குறேன்கா. ஆனா எனக்கு ஒண்ணு புரியல... வேப்பம்பட்லேர்ந்து மூணு பஸ்சு மாறி வந்து, நாக்கு கூட இல்லாத மணி இன்னாத்துக்கு?

ஏஞ்சலின்: எங்க மாதா கோயிலுக்கு. நாக்கு போட்டுக்கலாம்.

லோகு: நா புதுசு வாங்கித் தரேன். கணீர்னு கேக்கும். இது வேணாம்கா... தீப்புடிச்ச எடத்துல தொங்குன மணி. கரி பாரு. கோயிலுக்கு ஆவாது.

ஏஞ்சலின்: ஆவாதா? வாய கழுவு. இந்த மணி இல்லன்னா நா இங்க ஒக்காந்து ஒன்னாண்ட பேசிக்கினு இருப்பனா?

லோகு: கோச்சிக்காத...

ஏஞ்சலின்: இருபத்தோரு வருசம் ஆவுது. மத்தியானம். இதே கம்பெனி பேக்கிங் ரூம்ல நாங்க இருபத்தாறு பொம்பளைங்க சோத்து டப்பாவ தொறந்து வச்சிக்கினு ஒக்காந்திருந்தோம். ஒரே ஒரு கதவு. பின்னாடி கெமிக்கல் குடோன் பத்திக்கினு எரியுது, எங்களுக்குத் தெரியவே தெரியாது. எம்பொண்ணு ஹெலன் வயித்துல ஏழு மாசம்...

லோகு: தெரியும்கா. ஊரே பேசிச்சே.

ஏஞ்சலின்: அப்பத்தான் இந்த மணி அடிச்சிச்சி. எப்பவும் அடிக்கிற மாரி இல்ல. யாரோ போட்டு ஒதைக்கிற மாரி... டங்கு டங்குனு. இன்னாடா எழவுன்னு வெளிய ஓடியாந்தோம். கடைசி ஆளு வாசல தாண்டுச்சோ இல்லியோ, கூர எறங்கிடுச்சி. அதுக்கப்புறம் எனக்கு கெடைச்சது எல்லாமே அந்த மணி குடுத்ததுதான். எம்பொண்ணு, அவ படிப்பு, எல்லாம். தெனம் ஜெபத்துல சொல்லுவேன்.

லோகு: வாட்ச்மேன் அருணாச்சலம்தான அடிச்சாரு? கம்பெனில மேட போட்டு கைக்கடியாரம் கூட குடுத்தாங்களே.

ஏஞ்சலின்: ஆமா. குடுத்தாங்க.

லோகு: பெரிய மனுசன்.

ஏஞ்சலின்: ஆமா... பெரிய மனுசன்தான்.

ஏலக்காரர்: லாட் நம்பர் முப்பத்தொண்ணு! வெங்கல மணி ஒண்ணு! கப்பல் மணி, நூறு வருசத்துக்கு மேல! ஆரம்ப வெல பன்னெண்டாயிரம்!

லோகு: எவ்ளோ வச்சிகீற?

ஏஞ்சலின்: இருபத்தாறு. ஆளுக்கு ஆயிரம். சின்னப்பொண்ணு செத்துட்டா, அவ பையன் பரத் ஊடு தேடி வந்து அம்மா பங்குன்னு குடுத்துட்டு போனான். அதுக்கு மேல ஒத்த ரூவா கெடையாது.

லோகு: பன்னெண்டு!

ஏலக்காரர்: லோகு பன்னெண்டு... சார் பதினஞ்சு!

லோகு: பாத்தியா, எடுத்தவொடனே மூணு ஏறிட்டாரு. பதினாறு!

ஏலக்காரர்: சார் இருபது!

ஏஞ்சலின்: மாதாவே...

லோகு: கொட்டாவி, கொட்டாவி! இருபத்தொண்ணு!

ஏலக்காரர்: சார் இருபத்தஞ்சு!

லோகு: இருபத்தாறு!

ஏலக்காரர்: லோகு இருபத்தாறு... இருபத்தாறு... சார்? ஆங், சார் இருபத்தேழு! லோகு, இன்னா சொல்ற?

ஏஞ்சலின்: உட்ரு நைனா. அவ்ளோதான். குடுத்து வைக்கல.

லோகு: இரு, நா போடறேன்.

ஏஞ்சலின்: வாணாம்! ஒங்காசு வாணாம். நாங்க குடுக்கணும். நாங்கதான் குடுக்கணும்... ஒனக்குப் புரியாது.

ஏலக்காரர்: இருபத்தேழு... ஒரு தரம்!

லோகு: யக்கா, அழுவாத. எல்லாரும் பாக்குறாங்க.

ஏஞ்சலின்: அழுவல. நீதான கொட்டாவி உடச் சொன்ன... கண்ணுல தண்ணி வருது.

ஏலக்காரர்: வெங்கல மணி, இருபத்தேழு... ரெண்டு தரம்!

லோகு: ஐயா! ஒரு நிமிசம்!

ஏலக்காரர்: இன்னாப்பா? ஏத்துறியா?

லோகு: ஏத்தல. மணிய கவுத்து வச்சிகீறீங்க. பெரட்டிக் காட்டுங்க.

ஏலக்காரர்: இப்ப இன்னாத்துக்கு?

லோகு: உள்பக்கம் விரிசல் கீது. கப்பல் பேரு கீற பக்கத்துக்கு நேர் எதிரு. ஒரு வெரல் நீளத்துக்கு. சார் தெரிஞ்சி வாங்கட்டும்.

ஏலக்காரர்: ஏய், பெரட்டுங்கப்பா... டார்ச் அடி... அட, ஆமா! பொளந்து கீது சார். இல்ல சார், லிஸ்ட்ல இது எழுதல. எங்க தப்புதான். நீங்க வேணாம்னு சொல்லலாம்... வேணாமா? சரி. சார் வெலகிக்கினாரு! லோகு, ஒன் இருபத்தாறு நிக்கிது. நீயும் வெலகிக்கிறியா?

லோகு: வேணும்யா. விரிசலோட வேணும்.

ஏலக்காரர்: இருபத்தாறு, ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்! லோகுக்கு! ரசீது போடுப்பா. அடுத்து லாட் முப்பத்திரெண்டு...

லோகு: கெடச்சிடுச்சிக்கா! வா, பின்னாடி போயி எடுத்துக்கலாம். இன்னா... எழுந்துரு. இன்னாத்துக்கு என்னியே பாத்துக்கினு கீற?

ஏஞ்சலின்: நீ நல்லாருக்கணும் லோகு. ஆனா... விரிசல் கீறது ஒனக்கு எப்பிடித் தெரியும்?

லோகு: தொழிலாச்சே. பழைய மணின்னா எங்கியாச்சும் பொளந்திருக்கும். ஒரு குத்துமதிப்பா சொன்னேன்.

ஏஞ்சலின்: நேர் எதிரு, ஒரு வெரல் நீளம். இது குத்துமதிப்பா?

லோகு: ...காலைல பெரட்டிப் பாத்தேன்.

ஏஞ்சலின்: காலைலேர்ந்து ஒன் பக்கத்துலதான் கீறேன். தீப்புடிச்சப்புறம் சைரன் வச்சிட்டாங்க. அந்த மணிய ஒருத்தரும் தொட்டதில்ல. நேத்துதான் கம்பத்துலேர்ந்து எறக்குனாங்களாம்.

லோகு: உடுக்கா. கெடச்சிடுச்சில்ல?

ஏஞ்சலின்: லோகு...

லோகு: வாணாம்கா.

ஏஞ்சலின்: சொல்லு நைனா. நா ஒன் அக்காதான?

லோகு: ...நா மணி அடிக்க வரலக்கா. திருட வந்தேன். செவுரு ஏறிக் குதிச்சி காப்பர் ஒயரு உருவ வந்தவன் நானு. இருவது வயசு. பொகைய பாத்தவொடனே திரும்பி ஓடத்தான் போனேன்...

ஏஞ்சலின்: அப்புறம்?

லோகு: உள்ள நீங்கல்லாம் சிரிச்சிக்கினு இருந்தீங்க. எதுக்கோ எல்லாரும் சேந்து, அவ்ளோ சத்தமா... அத்த கேட்டுட்டு எப்பிடி ஓடறது? டிரம்மு மேல ஏறி நாக்க ஆட்டுனேன், அது அறுந்து உழுந்துடுச்சி. செவுத்து ஓரமா கெடந்த பைப்ப எடுத்து உள்ள உட்டு மாறி மாறி அடிச்சேன். பொளந்துகினு சத்தமே மாறிடுச்சி. கை வெளிம்புல கிழிச்சி... தோ பாரு, தழும்பு.

ஏஞ்சலின்: இத்தினி வருசம் ஏன்டா சொல்லல?

லோகு: அடிச்சது நான்தான்னா, எதுக்குடா உள்ள வந்தேன்னு கேப்பாங்கல்ல?

ஏஞ்சலின்: கேப்பாங்க. அதான் அருணாச்சலமும் வாய தொறக்கல.

லோகு: ...அவருக்குத் தெரியுமா?

ஏஞ்சலின்: நீ செவுரு ஏறி ஓடுறத பாத்துகீறாரு. போலீசு ஒன்ன இட்டுகினு போயிடும்னு, தான் அடிச்சதா சொல்லிட்டாரு. அவரு டூட்டி நேரத்துல தூங்கிட்டதும் கூட அதுலயே மறஞ்சி போச்சி. பொங்கலுக்கு முன்னாடி ஆஸ்பத்திரில கெடந்தாரே, அப்ப என் கைய புடிச்சிக்கினு எல்லாத்தயும் சொன்னாரு. அந்தக் கடியாரத்த ஒரு நாளு கூட கட்டலியாம்.

லோகு: அப்ப... தெரிஞ்சேதான் என்னாண்ட வந்தியா? டோக்கனுக்கு இல்லியா?

ஏஞ்சலின்: நேரா வந்து கேட்டிருந்தா ஒத்துக்கினு இருப்பியா நீ? அதான் ஒன் கையால மணிய எடுக்கவச்சி வெளிய கூட்டினு வரேன்னு எல்லாருக்கும் வாக்கு குடுத்துட்டு வந்தேன். மூஞ்சிய தொடச்சிக்கோ. ரோட்டுக்கு அந்தாண்ட டீக்கடைல பேக்கிங் பொம்பளைங்க அத்தினி பேரும் நாஷ்டா கூட துன்னாம காத்துக்கினு கீறாங்க, ஒன்ன பாக்கறதுக்கு. ஹெலனும் வந்துகீறா... ஒன்ன மாமான்னு கூப்புடலாமான்னு நேத்துலேர்ந்து என்ன கேட்டு கொடஞ்சிக்கினு கீறா.