அம்மன் தேருக்குச் சிரட்டைத் தைலம்

இதை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். அம்மன் காரியத்தை ஒட்டுக்கேட்டு எழுதுவது அபசாரமோ என்ற பயம். எழுபதுகளில் ஒரு காலை, பூனாகலையிலிருந்து பண்டாரவளை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் தேயிலைத் தோட்டத்துக் கோயில் பூசாரியும் கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“நாத்தம் புடிச்ச தைலத்தை அம்மன் தேருல பூசச் சொல்றியே, தங்கச்சி.”

“பூசலைன்னா இந்த வருஷமும் சக்கரத்தைக் கறையான் தின்னுரும். போன வருஷம் தேரே ஓடலையேண்ணே.”

“அதை எப்படி எடுத்த?”

“அடியில ஓட்டை போட்ட பானையில தேங்காச் சிரட்டைய அடைச்சு, வாய மூடி, சுத்தி வரட்டி போட்டு எரிச்சேன். கீழ வச்ச கிண்ணத்துல கறுப்பா சொட்டுச்சு. நாங்க குடியிருக்கிற லயத்துத் தூணுல பூசினேன். அந்தக் காரத்துக்குக் கறையான் கிட்டவே வரல.”

“யாரு தின்ன தேங்காயோ. எச்சில் சிரட்டை.”

“கோயில்ல உடைச்சதுதான். தேங்காயெல்லாம் உங்க வீட்டுல சம்பல் அரைக்கப் போயிருச்சு. சிரட்டையாச்சும் அவளுக்குப் போகட்டுமே.”

பூசாரி வாய்விட்டுச் சிரித்தார்.

“எவ்வளவு இருக்கு?”

“ஒரு போத்தல்.”

“நாலு சக்கரத்துக்குக் காணாது. வீட்டுல சிரட்டை குவிஞ்சு கெடக்கு, வந்து அள்ளிக்க.”

கேட்டதைக் கேட்டபடியே எழுதிவிட்டேன். நீங்களும் பிறருக்குச் சொல்லும்போது கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அம்மன் பேரில் கேட்டுக்கொள்கிறேன்.