பீடி குடிக்காதவருக்கு ஒரு சர்டிபிகேட்

முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீங்கன்னு சொன்னேன். எல்லாரும் தலையாட்டுறீங்க. நானும் இப்படித்தான் ஆட்டினேன், சாமிமாரே... ஒரு சின்னக் கதை சொல்றேன், ஆட்டாமக் கேளுங்க. எனக்கே அவமானமான கதை.

போன கார்த்திகையில எங்க குழுவுக்கு நான்தான் குருசாமி. அதுல வைரக்கண்ணுன்னு ஒரு கொத்தனார். மாலை போட்டு முப்பது நாள் ஆச்சு. ஆளு இளைச்சுப் போனாரு... விரதம்னு சொன்னோம். உடம்பு கறுத்துப் போச்சு... வெயில்ல வேலைன்னு சொன்னோம். எந்திரிச்சா தலை சுத்துது... ஒருவேளைச் சாப்பாடுன்னு சொன்னோம். அன்னதானப் பந்தியில எல்லாரும் பாயசம் கேட்டா, இவரு உப்பு கேட்டு வாங்கி, உள்ளங்கையில கொட்டி நக்குறாரு. சிரிச்சோம். நம்மகிட்டதான் எல்லாத்துக்கும் பதில் இருக்கே?

ஒருநாள் பஜனையில வாயைத் திறந்து சரணம் சொன்னாரு. உதடு கறுப்பு. ஈறு கறுப்பு. கன்னத்து உள்பக்கம் மை தெளிச்சாப்ல திட்டுத் திட்டா கறுப்பு. பக்கத்துல இருந்தவர் என் காதைக் கடிச்சாரு... "சாமி, மாலையைப் போட்டுக்கிட்டுத் திருட்டு பீடி."

நான் என்ன பண்ணேன்? உடம்புக்கு என்னன்னு கேட்டேனா? அத்தனை பேர் முன்னால "வாயை ஊதுங்க சாமி"ன்னேன். ஊதினாரு. ஒரு வாடையும் இல்லை. விட்டேனா? ஏலக்காய் மென்னு மறைச்சிருப்பாருன்னு ஒருத்தர் சொன்னாரு, நானும் ஆமாம் போட்டேன். "உங்களுக்கு இருமுடி கட்ட மாட்டேன்"னுட்டேன்.

அவர் சம்சாரம் மங்கையர்க்கரசி மறுநாளே அவரைப் பல் டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போனாங்க. எதுக்கு? வைத்தியத்துக்கா? இவர் பீடி குடிக்கலைன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கி என் மூஞ்சியில காட்ட!

டாக்டரம்மா நிலோபர் டார்ச் அடிச்சு ஈறு, நாக்கு, கன்னம் எல்லாம் பார்த்தாங்க. இந்தக் கறுப்பு முன்னாடியே இருந்துச்சான்னு கேட்டாங்க. இல்லை, மூணு மாசமாத்தான். பல்லை விட்டுட்டு ரத்த அழுத்தம் பார்த்தாங்க... பாதாளத்துல கிடக்கு. "உப்பு அதிகமாக் கேட்கிறாரா?"ன்னாங்க. மங்கையர்க்கரசி அழுதுட்டாங்க. அன்னைக்கே பெரியாஸ்பத்திரி.

சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்காம். இவருக்கு அது சுரக்கிறது நின்னு போச்சு. அதான் உடம்புல உப்பு தங்கலை, ரத்த அழுத்தமும் இறங்கிடுச்சு. அதை எழுப்ப மூளை விடாம உத்தரவு அனுப்புது... அந்த உத்தரவுதான் தோலையும் வாயையும் கறுப்பாக்குதாம். அந்த நிலையில மலை ஏறியிருந்தா, வைரக்கண்ணு உயிரோட இறங்கியிருக்க மாட்டாரு.

இப்போ தினமும் மாத்திரை, நல்லா இருக்காரு. ஆனா நம்ம ஜனங்க என்ன சொல்றாங்க தெரியுமா? "இருமுடி கட்ட மாட்டேன்னு சொல்லிக் காப்பாத்திட்டீங்க குருசாமி"ங்கிறாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது. நானாய்யா காப்பாத்தினேன்?

கேட்டுக்கோங்க. நம்மள்ல பல பேருக்கு ஈறு பிறவியிலேயே கறுப்பு, அது நோயில்லை. ஆனா வாய்க்குள்ள புதுசா கறுப்பு வருது, கூடவே உடம்பு இளைக்குது, தலை சுத்துது, உப்பைத் தேடுதுன்னா... டாக்டர்கிட்ட போங்க. அடுத்தவர் வாய் கறுத்திருந்தா மோந்து பார்க்காதீங்க. உடம்புக்கு என்னன்னு கேளுங்க. நாங்க நாப்பது பேரு, முப்பது நாளு... ஒருத்தர் கேட்கலை. குருசாமின்னு முன்னால உட்கார்ந்திருந்த நானும் கேட்கலை.