வால்வில் தொங்கிய தூக்குச்சட்டி

இப்போதெல்லாம் யாரும் எதையும் பார்ப்பதில்லை. முதுகைக் காட்டி நின்று, தங்கள் பல்லைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பின்னால் நூற்றைம்பது வருஷத்து நீராவி எஞ்சின் நிற்கிறது. அதைவிட இவர்கள் பல் அழகாம்.

எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா, நிதானமாகவே சொல்கிறேன். ரயில் காட்சிக்கூடத்தில் அந்த எஞ்சினுக்குக் கரி போடுகிறவன் நான். ஓட்டியவன் என் மனைவியின் தம்பி. எனக்குப் படிப்பு பள்ளிக்கூட வாசலோடு சரி. என் பிள்ளைகள் பிறந்த தேதி தெரியாது. கொதிகலனில் எத்தனை ஆணி என்று கேளுங்கள், தூக்கத்திலும் சொல்வேன். "அந்தச் சனியனையே கட்டிக்கிட்டிருக்கலாமே" என்பாள் வீட்டுக்காரி. அது சம்மதித்திருந்தால் கட்டியிருப்பேன்.

கொதிகலன் தகடு தேய்ந்துவிட்டது என்று இன்ஜினியர் பாதுகாப்பு வால்வை இளக்கி வைத்தார். கொஞ்சம் நீராவி சேர்ந்தாலே புஸ்ஸென்று வெளியே போய்விடும். அப்புறம் எஞ்சினுக்கு ஏது தெம்பு? மூன்று பெட்டியை இழுத்துக்கொண்டு முற்றத்து மேட்டில் பாதியிலேயே நின்றது. ஜனங்கள் சிரித்தார்கள். அடியில் மோட்டார் வைத்து, புகைபோக்கியில் பொய்ப்புகை விடலாம் என்றார் மேலாளர்.

"ஞாயித்துக்கிழமை ஏறலைன்னா மோட்டார்தான் பெரியவரே."

அந்தக் காலத்தில் மேடு வந்தால் வால்வின் கம்பியில் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியை மாட்டுவோம். பாரத்துக்கு வால்வு திறக்காது. நீராவி உள்ளேயே நிற்கும். மேடு தாண்டியதும் எடுத்துவிடுவோம். 'தொடாதே' என்று அங்கே பலகை தொங்கியது. எனக்குப் படிக்கத் தெரியாது என்று தப்பித்துக்கொள்ளலாம்தான். அந்தப் பலகையை மாட்டியதே நான்.

ஞாயிறன்று சட்டியில் சோறு இல்லை. இரும்பு நட்டுகள்.

"என்ன மச்சான், வால்வு ஊதவே காணோம்?"

"ஊதும் மாப்ளே. நீ முன்னால பாரு."

ஏறிவிட்டது ஐயா. கிழவன் அழுதேன், கரிக்கையால் துடைத்துக் குரங்கு மாதிரி நின்றேன். உச்சியில் நிறுத்தியதும் மேலாளர் கைதட்டினார். "மோட்டாரும் வேணாம், ஒண்ணும் வேணாம்!"

அப்போதே சட்டியை எடுக்க வேண்டும். எடுத்தால் எல்லோரும் பார்ப்பார்கள். ஏறியது எஞ்சினா, சட்டியா என்று பேச்சு வரும். மோட்டாரும் வரும்.

ஓடும்போது நீராவி செலவாகும். நின்றால் சேர்ந்துகொண்டே போகும். இது எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை போயிருந்தது. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினேன்.

"நீங்கதான் டீயே குடிக்க மாட்டீங்களே மச்சான்" என்று சிரித்தான்.

"இன்னைக்குக் குடிக்கணும்போல இருக்கு."

கடைவாசலில் திரும்பிப் பார்த்தேன். ஜனங்கள் இறங்கி எஞ்சினுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். நடுவில் மாப்பிள்ளை, பல்லைக் காட்டிக்கொண்டு. டீ நன்றாகத்தான் இருந்தது. பாதி கிளாஸ் குடிப்பதற்குள் சத்தம் கேட்டது.

செத்தது அவனையும் சேர்த்து ஐந்து பேர் என்கிறீர்கள். சரி. மாட்டியவன் நான், எடுக்காதவன் நான். ஆனால் ஒருத்தராவது திரும்பி அந்த எஞ்சினைப் பார்த்திருந்தால், மேலே சட்டி தொங்குவது தெரிந்திருக்கும்.

"யாருமே பார்க்கலைன்னா, சட்டியை நீங்க எடுத்திருக்கலாமே பெரியவரே?" என்று கேட்கிறீர்கள்.

படித்தவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். கைநாட்டு வைத்தாயிற்று. முற்றத்தில் வெடித்த தகடுகளைக் குவித்து வைத்திருக்கிறீர்களாம். கூட்டிப்போகும்போது என்னை அங்கே நிறுத்த வேண்டாம், நான் பாட்டுக்கு நடக்கிறேன்.

எடுத்திருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள் ஐயா.