வேறொரு பெண்ணின் அழுகை

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போன பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்தவர் தன் கூட்டாளியிடம் சொன்னார்:

“அந்தக் கலியாண வீடியோவுல கேக்கிறது பொண்ணுட அழுகை இல்ல மச்சான்.”

“அப்ப யார்ட?”

“வேற கலியாணத்துல அழுத புள்ளைட. இந்தப் புள்ள, கலியாண நாள்ல கட்டார்ல இருந்த வாப்பாவோட போன்ல கதைக்கக்குள்ள அழவே இல்ல. வீடியோவுல அவட முகம் தெரியல்லதானே எண்டு, எடிட் பண்ணக்குள்ள நான்தான் அழுகையப் போட்டன்.”

“அதுக்கென்ன?”

“வாப்பா இப்ப ஊருக்கு வந்திட்டார். நேத்து ஸ்டூடியோவுக்கு வந்து, ‘மகள் எனக்காக அழுதத எத்தின தரம் கேட்டிருப்பன் தம்பி’ எண்டு என்ட கையப் புடிச்சிட்டு அழுதார்.”

“உண்மையச் சொன்னியா?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எப்பிடிச் சொல்ற? மகளும் பக்கத்துல நிண்டா. அவ தலையத் தூக்கவே இல்ல. நானும் தூக்கல்ல.”